கடன் வாங்கிய ஆசைகள்

“நவீன நாடகமா? மனத்துக்குள் பூட்டி வைத்த ஆசைகளை மேடையில் கொட்டுவதற்கு வைத்த நாகரிகப் பெயர்தானே அது!”

விடுதி உணவகத்தில் மூத்த மாணவர் ஒருவர் இப்படிச் சொன்னதும் மேசையைச் சுற்றியிருந்த அனைவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அறைக்குத் திரும்பிய பிறகுதான் இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம் வந்தது. பூட்டி வைத்த ஆசைகள் நமக்கு இல்லையா? இருக்கின்றன என்றால் அவற்றை நாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம்?

நான் நாடகத்துறை மாணவி அல்லள். சுங்கை பாக்காப்பில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும், பிறகு புகுமுக வகுப்பு தொடங்கி தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவள். தமிழ்ப்பள்ளியில் எந்தப் போட்டி என்றாலும் முதல் ஆளாக மேடை ஏறியவள்தான். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் என் மலாய் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அன்று வாயை மூடியவள், வேண்டியதைக் கேட்காமல் இருப்பது எப்படி என்பதை ஆறாண்டுகளில் நன்றாகவே கற்றுக்கொண்டேன். ஆகவே, அடக்கி வைப்பது பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்தத் தகுதியில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சாமி பேசிய பேச்சு

எங்கள் ஊர் செபராங் பிறையின் தென்பகுதியில் உள்ள சிறு பட்டணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் கரும்புத் தோட்டங்களால் நிறைந்திருந்தது. அவற்றில் பாடுபடக் கப்பலேறி வந்தவர்களில் நம் முன்னோரும் இருந்தனர். கரும்புக்குப் பின் இரப்பர் வந்தது. இரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. மரங்கள் மாறினாலும், வீட்டுக்குள் யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்ற சட்டம் மட்டும் அவ்வளவு எளிதில் மாறவில்லை.

என் அத்தை ஒருவர் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். மாமியார் முன்னிலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஏழு வயது இருக்கும். அந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் உடுக்கைச் சத்தம் உச்சத்துக்குப் போனபோது அத்தைக்கு அருள் வந்தது. கூந்தல் அவிழ்ந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. நேரே மாமியார் முன்னால் போய் நின்று, “என் பிள்ளை தாய் வீட்டுப் படியை மிதிச்சு ரெண்டு வருசமாச்சு. அனுப்பி வைக்கிறியா, இல்லையா?” என்று கேட்டார். மாமியார் கைகூப்பி, “அனுப்புறேன் தாயே” என்றார். மறுவாரமே அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் தங்கினார். இரு வீடுகளுக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர் தூரம்கூட இல்லை.

அம்மனின் அருளை நான் இங்கே கேள்வி கேட்கவில்லை. அது நம்பிக்கை சார்ந்தது. நான் கவனித்தது வேறு. இரண்டு ஆண்டுகளாக ஒரு பெண்ணின் நெஞ்சில் கிடந்த ஆசை ஊரார் முன்னால் வெளிவர ஓர் ஆட்டமும், ஒரு வட்டமும், பார்ப்பதற்கு ஒரு கூட்டமும் தேவைப்பட்டன. வேறொருவர் பெயரும் தேவைப்பட்டது. விழா முடிந்து நீர் தெளித்த பிறகு, “நான் என்ன சொன்னேன்? எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்லையே” என்றார் அத்தை.

திரைப்படம் ஆடிய ஆட்டம்

படித்த தலைமுறையான நமக்கு அருள் வருவது குறைவு. அதற்குப் பதிலாக நமக்குக் கலையிரவு இருக்கிறது.

ஒரு கலையிரவுக்காக நாங்கள் ஐவர் பதினைந்து நிமிட நாடகம் ஒன்றைத் தயாரித்தோம். மேடையில் ஐந்து நாற்காலிகள் மட்டுமே. இசை இல்லை, கதை இல்லை. ஒவ்வொருவரும் வீட்டில் ஒருபோதும் சொல்லாத ஓர் ஆசையைத் தம் சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும். ஒருவர், தமக்கென ஓர் அறை வேண்டும் என்றார்; அவர் வீட்டில் எட்டுப் பேர். இன்னொருவர், அப்பாவைப்போல லாரி ஓட்ட வேண்டும் என்றார். அவர் கணக்கியல் படிக்கிறார். நான் சொல்ல இருந்தது மூன்று சிறு வாக்கியங்கள்: “பேருந்தில் அவன் கை என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். தொடவில்லை.”

இரு வாரங்கள் இருக்கும்போது, அந்த மூன்று வாக்கியங்களும் நம் பண்பாட்டுக்கு ஏற்றவையல்ல என்று சொல்லப்பட்டது. பிறகு நாடகமே நிகழ்ச்சி நிரலிலிருந்து விடுபட்டது. எந்த மேடை, யார் சொன்னது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது ஒரு தனிமனிதரின் குற்றமும் அன்று. ஆனால் அதே இரவில் மூன்று திரைப்பாடல் நடனங்கள் நடந்தன. ஒன்றில் ஆணும் பெண்ணும் இணைந்து ஆடினர். இடுப்பில் கை வைத்தபோது அரங்கமே விசிலடித்தது. முன்வரிசைப் பெரியவர்களும் கைதட்டினர். நானும்தான் கைதட்டினேன், நன்றாகவே ஆடினார்கள்.

இங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது. நம் மேடை ஆசைக்கு எதிரானது அன்று. கடன் வாங்கிய ஆசைக்கு அது சிவப்புக் கம்பளமே விரிக்கிறது. கோடம்பாக்கத்தில் யாரோ எழுதி, யாரோ இசையமைத்து, யாரோ ஆடிய ஆசையை நாம் அப்படியே ஆடிக் காட்டினால் அது கலை. நம் பேருந்தில், நம் கைக்கு அருகில் வந்த ஆசையைச் சொன்னால் அது பண்பாட்டுச் சீரழிவு. அத்தைக்கு அம்மனின் பெயர் தேவைப்பட்டது போல நமக்கு நடிகர் நடிகையரின் பெயர் தேவைப்படுகிறது. சொந்தப் பெயரில் ஆசைப்பட மட்டும் இருவருக்கும் அனுமதி இல்லை.

வடிகால் மட்டும் போதுமா?

நாடகம் மன அழுத்தத்துக்கு வடிகால் என்பது புதிய கருத்தன்று. இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவற்றைத் தூய்மைப்படுத்துவதே துன்பியல் நாடகத்தின் பயன் என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். 1895இல் சிக்மண்ட் பிராய்டும் ஜோசப் புரூயரும் இணைந்து வெளியிட்ட நூலில், வெளிப்படாமல் புதைந்த நினைவுகள் உடல் நோயாகவும் வெளிப்படலாம் என்றும், அவற்றைப் பேசி வெளிக்கொணர்ந்தால் நோய் தணியும் என்றும் எழுதினர். ஆகவே, எங்கள் மூத்த மாணவர் கேலியாகச் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால் வடிகாலின் வேலை என்ன? மழைநீரை வீட்டுக்குள் வராமல் வெளியே கொண்டுபோய் விடுவது. வீடு அப்படியே இருக்கும். பிரேசில் நாட்டு நாடகவியலாளர் அகஸ்டோ போல் (1931–2009) எழுப்பிய கேள்வியும் இதுதான். பார்வையாளரின் கொந்தளிப்பை மேடையிலேயே வடித்துவிட்டு, அவரை அமைதியாக வீட்டுக்கு அனுப்பும் நாடகம் இருக்கிற ஒழுங்கைக் காப்பாற்றவே உதவுகிறது என்று அவர் வாதிட்டார். அவருடைய ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ முறையில் பார்வையாளர் நாடகத்தை இடையில் நிறுத்தலாம். மேடை ஏறி, “நானாக இருந்தால் இப்படிச் செய்வேன்” என்று நடித்துக் காட்டலாம்.

போலந்து நாட்டின் கிரோட்டோவ்ஸ்கி (1933–1999) வேறு வழியில் வந்தார். ஒளி, ஒப்பனை, உடை, அலங்காரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டாலும் நடிகரும் பார்வையாளரும் இருந்தால் நாடகம் இருக்கும் என்றார். நடிப்பு என்பது முகமூடியைப் போட்டுக்கொள்வது அன்று, போட்டிருப்பதைக் கழற்றுவது என்பதே அவர் பயிற்சியின் சாரம். நவீன நாடகத்தைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் தைத்த கருத்து இதுதான். நாம் மேடை ஏறுவதே முகமூடி போடுவதற்காக என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தோம்!

நம்மவர்கள் நடந்த பாதை

“இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு” என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் நம்மிடம் என்ன இருந்தது என்று பார்ப்போம்.

நம்மைப் போலவே தோட்டத் தொழிலுக்காகக் கடல் கடந்த இலங்கை மலையகத் தமிழர், மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுகின்றனர். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிக்கப்படுகிறான். ரதி ஊர் நடுவே ஒப்பாரி வைக்கிறாள். ஆசையின் தெய்வத்தை எரித்துவிட்டு, எரித்ததற்காக ஊரே அழுகிறது. ஆசை இல்லாமல் உலகம் இயங்காது என்பதைத் தேயிலைக் கொழுந்து பறித்த மக்கள் நமக்கு முன்பே கூத்தாக்கி வைத்திருக்கிறார்கள்.

1977இல் சென்னையில் ந. முத்துசாமி (1936–2018) தொடங்கிய கூத்துப்பட்டறையும் தெருக்கூத்தில் வேர் ஊன்றித்தான் நவீன நாடகத்தை வளர்த்தது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் ஆகியோரை நாம் திரையில் பார்த்திருப்போம். அவர்கள் பயின்ற பட்டறை அது. வசனத்தை ஒப்புவிப்பதற்கு முன் உடலைப் பழக்கு என்பதே அங்கே முதற்பாடம். உடலைக் கண்டு கூச்சப்படும் நமக்கு அதுவே ஒரு பெரிய விடுதலை அல்லவா?

எனக்கு மிகவும் நெருக்கமான எடுத்துக்காட்டு, கவிஞர் இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய ‘ஔவை’ நாடகம். 1990களின் இறுதியில் மேடையேறியது. தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்கு ஔவை என்றால் யார்? நரைத்த தலை, கையில் கோல், வாயில் ஆத்திசூடி. ஆனால் சங்க கால ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் பல நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த வேறு வேறு புலவர்கள் என்பது ஆய்வாளர் கருத்து. குறுந்தொகையின் 28ஆம் பாடலைப் பாடியவர் சங்க ஔவையார். அதில் காதல் நோயால் உறக்கம் இழந்த ஒரு பெண், தன் தவிப்பை அறியாமல் உறங்கும் ஊரைக் கண்டு, எதிலாவது போய் மோதட்டுமா, ஏதாவது ஒரு சாக்கில் கூச்சல் போடட்டுமா என்று கேட்கிறாள். இந்த ஔவையைத்தான் இன்குலாபும் மங்கையும் மேடைக்குக் கொண்டுவந்தனர்: இளமையோடு, ஆசையோடு, ஊர் ஊராகத் திரியும் பாடினியாக. நம் பாட்டியாக மட்டும் நாம் வைத்திருந்த ஒருத்திக்கு அவள் இளமையைத் திருப்பிக் கொடுத்தனர்.

ஏதாவது ஒரு சாக்கில் கூச்சல் போடுவது! இந்த இடத்தைப் படித்தபோது திருவிழாக் கூட்டத்தில் கூந்தல் அவிழ நின்ற அத்தைதான் என் கண்முன் வந்தார்.

இன்னொரு செய்தியும் சிந்திக்க வேண்டியது. நம் பழைய நாடக மேடையில் பெண் வேடம் கட்டியவர்களில் பலர் ஆண்களே. ‘ஸ்திரீபார்ட்’ நடிகர் என்றால் கூட்டம் அலைமோதும். ஆனால் பெண்ணாகவே வாழ விரும்பிய திருநங்கைக்குத் தமிழ்த் திரைப்படம் நெடுங்காலம் கொடுத்தது கேலிப் பாத்திரம்தான். வேடம் என்றால் கைதட்டல், வாழ்க்கை என்றால் ஏளனம்! இதை உடைக்க, மங்கையோடு இணைந்து திருநங்கைகள் கண்ணாடிக் கலைக்குழுவில் தங்கள் கதையைத் தாங்களே நடித்தனர். ‘நான் வித்யா’ நூலை எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா, பின்னர் தோழர்களோடு பன்மை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பிறர் நடித்துக் காட்டிய தங்களைத் தாங்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று இதைச் சொல்லலாம்.

நம் நாட்டிலும் முன்னோடி இல்லாமல் இல்லை. கெடா, பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் (1942–2020) ‘மணற்குழி’ என்று நாம் மொழிபெயர்க்கத்தக்க தலைப்பில் ஒரு நாடகம் எழுதினார். ஒரே கணவனின் இரு மனைவியரான சாந்தாவும் சுமதியும், அவன் இல்லாத வேளையில் தங்கள் மனத்தைத் திறக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் கிருஷன் ஜித் இயக்கத்தில் அது மேடையேறியது. நம் வீட்டுப் பெண்களின் ஏக்கத்தைச் சொல்லும் அந்த நாடகத்தை நான் பல்கலைக்கழக நூலகத்தில் படித்தேன், ஆங்கிலத்தில். இப்படி ஒன்றைத் தமிழில், தமிழர் நிறைந்த அரங்கில் பார்க்கும் வாய்ப்பு இந்த இருபத்திரண்டு வயது வரை எனக்குக் கிட்டவில்லை. இது மணியத்தின் குறையா, நம் குறையா?

மறுப்புகளும் மதிக்கத்தக்கவையே

நவீன நாடகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நான் புகழவில்லை. புரியாமல் இருப்பதே உயர்வு என்று நினைத்து, மேடையில் உருண்டு புரண்டு அலறும் நாடகங்களும் உண்டு. அதிர்ச்சி தருவதற்காகவே ஆடை குறைப்பதும், கெட்ட வார்த்தை பேசுவதும் விடுதலை ஆகிவிடாது. அவையும் ஒரு வகையில் கடன் வாங்கிய ஆசைகளே.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. “உன் மனத்தடைகளை உடைத்துக்கொள்” என்று சொல்லி, இயக்குநர் தம் விருப்பத்தை இளம் நடிகர்மீது திணிக்கலாம். தயங்குபவரை “உனக்குத் துணிச்சல் இல்லை” என்று மட்டந்தட்டலாம். அடக்கி வைத்ததை வெளியே சொல்ல ஒருவருக்கு உரிமை இருப்பது போலவே, சொல்லாமல் வைத்துக்கொள்ளவும் உரிமை இருக்கிறது. எங்கள் ஐவரில் ஒருவர், ஒத்திகையின் மூன்றாம் நாள், தாம் சொன்ன ஆசையை மாற்றிக்கொண்டார். காரணம் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் என்று இப்போது தோன்றுகிறது.

பெற்றோரின் அச்சத்தையும் நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பெண் பிள்ளை மேடையில் ஒரு வார்த்தை சொன்னால், அது கல்யாணப் பேச்சு வரை துரத்தும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. ஆனால், அந்த உண்மையை மாற்றப் படித்தவர்களாகிய நாமே முயலவில்லை என்றால் வேறு யார் முயல்வார்?

பதினொரு பேர் பார்த்த நாடகம்

மேடை கிடைக்காத எங்கள் நாடகத்தை விடுதியின் படிப்பறையில் ஓர் இரவு நடத்தினோம். பார்வையாளர் பதினொரு பேர். என் மூன்று வாக்கியங்களைச் சொன்னபோது குரல் நடுங்கியது. யாரும் விசிலடிக்கவில்லை. முடிந்ததும் எல்லாரும் கலைந்து போக, முதலாமாண்டு மாணவி ஒருவர் மட்டும் நாற்காலிகளை அடுக்க உதவினார். பிறகு, “அக்கா, எனக்கு இந்தப் படிப்பே பிடிக்கல. இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல” என்றார். மறுநாள் காலை உணவகத்தில் என்னைக் கண்டதும், “நேத்து சொன்னேன்ல, நெசமாத்தான் சொன்னேன்” என்றார்.

இந்த ‘மறுநாள்’தான் நான் சொல்ல வந்தது. அருள் வந்து சொன்னதை மறுநாள் நாம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. திரைப்பாடலுக்கு ஆடியதை மறுநாள் நாம் நம்முடையதென்று சொல்லிக்கொள்வதில்லை. சொந்தச் சொல்லில் சொன்னது மட்டும் மறுநாளும் நம்முடனே இருக்கிறது. நவீன நாடகம் ஆசையை வெளியேற்றும் வடிகாலாக மட்டும் நின்றுவிட்டால் அதனால் பெரிய பயன் இல்லை. இது என் ஆசை என்று பிறர் முன்னிலையில் ஒப்புக்கொள்ளப் பழக்குவதே அதன் பெரும்பயன்.

கடந்த தீபாவளி விடுமுறையில் அத்தையிடம் துணிந்து கேட்டேன். “அன்னிக்குச் சாமி வந்து பேசினது, நிசமாவே உங்களுக்கு ஞாபகம் இல்லையா, அத்தை?” முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. “மறந்துட்டேன்னு சொன்னாத்தான்டி மறுநாள் அந்த வீட்டு அடுப்படியில நிக்க முடியும்” என்றார்.

அவர் தலைமுறை அந்த விலையைக் கொடுத்தது. நாமும் அதையே கொடுக்க வேண்டுமா?

ஆகவே, நம் கழகத்தின் முன் ஒரு சிறு வேண்டுகோளை வைக்கிறேன். இனி ஒவ்வொரு கலையிரவிலும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். திரைப்பாடல் நடனங்களை நீக்க வேண்டாம். அவற்றோடு இதுவும் இருக்கட்டும். அந்த இருபது நிமிடத்தில் மாணவர்கள் தாங்களே எழுதிய நாடகம் மட்டுமே இடம்பெற வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை நடிப்பவரே முடிவு செய்யட்டும். முடிந்ததும் விளக்கைப் போட்டுப் பார்வையாளர்களோடு பத்து நிமிடம் பேசுவோம். முன்னாள் மாணவர்களே, நீங்களும் வாருங்கள். உங்கள் காலத்தில் நீங்கள் சொல்லாமல் விட்டதும் ஏதாவது இருக்கும்.

அந்த மேடையில் ஐந்து நாற்காலிகள் போட்டால் போதும். ஒன்றில் வந்து உட்கார என் அத்தையையும் அழைத்து வருகிறேன்.